இரண்டு கம்பியாய் முறுக்கிப் போடு

வயரிங் வேலை செய்கிற என் வீட்டு வயரைப் பார்த்தால் காறித் துப்புவீர்கள். தன்னாமுனையில் அம்மாவும் தங்கையும் இருந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பீங்கான் பியூஸ்தான். கிணற்று மோட்டர், மின்விசிறி, அம்மாவுக்கு மூச்சுக் கொடுத்த ஒட்சிசன் மெஷின், எல்லாம் அதில்தான் தொங்கின. பிரித்துப் போடுகிறேன் என்று நான் சொல்லத் தொடங்கி ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இடியப்பம் அவித்து விற்று எங்களை வளர்த்தவள் அம்மா. அந்த விறகுப் புகைதான் அவள் நெஞ்சைத் தின்றது. மெஷின் நின்றால் கொஞ்ச நேரம் தாங்குவாள், பிறகு உதடு நீலமாகிவிடும். அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் வீட்டில் இருக்கட்டும் என்று டொக்டர் சொன்னார். அதையும் நாளைக்கு, நாளைக்கு என்றே வைத்திருந்தேன்.

வேலைக்குப் போகிற இடங்களில் மட்டும் நான் பெரிய வாத்தியார். மோட்டர் ஓடும்போது பியூஸ் எரிந்தால் அதன் சுருளுக்குள் நிற்கிற கரண்ட் சும்மா அடங்காது, ஒரு கணம் வோல்டேஜாகத் துள்ளும், அதே லைனில் இருக்கிற மென்மையான சாமானைத்தான் அடிக்கும் என்று விளக்குவேன். தடித்த கம்பி போட்டால் லேசில் எரியாது, எரிகிறபோது துள்ளல் பெரிதாக இருக்கும் என்பேன். ஆகவே மோட்டருக்குத் தனி பியூஸ், அளவான கம்பி, துள்ளலை உறிஞ்ச மோட்டரோடு சேர்த்து ஒரு வேரிஸ்டர். சட்டைப் பொத்தான் அளவு சாமான் அது. கதிரவெளியில் ஒருவருடைய மீன் குளிர்பெட்டிகளுக்கு இதையெல்லாம் ஒரே நாளில் செய்து கொடுத்தேன். மீனுக்குச் செய்தேன், அம்மாவுக்குச் செய்யவில்லை.

வாவியோரக் கிணறு, உப்புத் தண்ணீர். மோட்டர் துருப்பிடித்து இறுகி, சுற்ற முடியாமல் கரண்டை இழுத்து இழுத்து பியூஸை எரித்துக்கொண்டிருந்தது. கம்பி மாற்றத் தங்கை பழகிவிட்டாள். அன்று நான் வந்தாறுமூலையில் ஒரு வீட்டுக்கூரைக்குள் வெக்கையில் வெந்துகொண்டிருந்தேன். அவள் இரண்டாம் தரம் போன் எடுத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணன், மறுகாவும் பியூஸ் போயிட்டு. ஒத்தக் கம்பி நிக்குதில்ல. அம்மாக்கு ஏலாம இருக்கு."

"ரெண்டு கம்பியா முறுக்கிப் போடு. பின்னேரம் வாறன். சும்மா சும்மா எடுக்காத."

மோட்டரைப் போடாதே என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் வாயில் அது வரவில்லை. அம்மாவின் துணி கழுவ அவளுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.

இரண்டு கம்பி ஒரு மணித்தியாலம் நின்றது. பிறகு மோட்டர் ஒரேயடியாக இறுகியது. பல்ப் பளிச்சென்று வெளுத்து அணைந்ததாம், மெஷினுக்குள் 'பட்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். தங்கை மோட்டரை நிறுத்திவிட்டு மறுபடி கம்பி போட்டாள். மின்விசிறி சுற்றியது, மெஷின் அசையவில்லை. நான் ஏசுவேன் என்று பயந்து எனக்குப் போன் எடுக்காமல், பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்திப் பார்த்திருக்கிறாள். அதிலேயே நேரம் போய்விட்டது. ஓட்டோவில் ஏற்றியபோது அம்மா கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னரே, தங்கையின் மடியிலேயே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் மெஷினைக் கழற்றினேன். உள்ளே பலகையில் விரல்நுனி அளவுக்குக் கருகியிருந்தது. பார்த்ததுமே விளங்கிவிட்டது. மூடிவிட்டு, மெஷின் பழசு என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். கோழைதான் நான், வேறென்ன.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு முதல் நாள் பின்னேரம், சட்டி கழுவிக்கொண்டிருந்த தங்கை தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"மூண்டாப் போட்டிருந்தா நிண்டிருக்குமோ, அண்ணன்?"

ஒரு மாதமாக இவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இனியும் மறைத்தால் நான் மனிசனில்லை.

"இல்ல. ரெண்டு எண்டதே பிழை. கம்பி தடிச்சதாலதான் மெஷின் எரிஞ்ச. நான் தெரிஞ்சுகொண்டு சொன்ன பிழை. உன்னில ஒண்டும் இல்ல."

சட்டியைக் கீழே வைத்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முறுக்கினது நான்தானே" என்றாள்.