பாய்ச்சீலை வைத்த கிளச்

தேவராசா அண்ணைக்குக் கோபம் வராத நாள் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. மானிப்பாயில் எங்கள் வீட்டுக் காரை ஓட்டியவர் அவர். ஒழுங்கையில் படுத்திருக்கும் ஆட்டோடும் சண்டை, பெற்றோலில் தண்ணீர் கலந்து விற்றவனோடும் சண்டை. காரை மட்டும் ஏசமாட்டார். "அது வாயில்லாத சாமான். செய்யவேண்டியதைச் செய்தால் அது ஏன் மறுக்கப்போகுது?" என்பார்.

கார் பழையது. இப்போது வருகிற கார்களில் கிளச் என்றால் தட்டுகள். எங்களுடையதில் கூம்பு. எஞ்சினோடு சுற்றுகிற பெரிய சில்லின் நடுவில் புனல் போல ஒரு குழி. அதற்குள் போய் இறுகுகிற கூம்பு. கூம்பைச் சுற்றித் தோல். மிதியை அமத்தினால் கூம்பு விலகி எஞ்சின் தனியே சுற்றும். காலை எடுத்தால் தோல் குழியைப் பற்றிக்கொள்ளும், கார் நகரும். தோல் காய்ந்தால் கார் துள்ளும், எண்ணெய் கூடினால் வழுக்கும். தேவராசா அண்ணை கோழி இறகால் ஆமணக்கெண்ணெய் தொட்டு அதைத் தடவும்போது மட்டும் அவர் முகத்தில் கோபம் இராது.

என் சின்னம்மா மகாதேவியின் கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கையில் அந்தத் தோல் தேய்ந்துபோயிற்று. அச்சுவேலியிலிருந்து மாப்பிள்ளையை எங்கள் காரில்தான் அழைத்து வருவது என்று அப்பா சொல்லியிருந்தார். கார் வழியில் நின்றால் ஊர் காரைக் குறை சொல்லாது, ட்றைவரைத்தான் சொல்லும். அதன்பிறகு யாரும் அவரை நம்பி ஒரு வண்டியும் தரமாட்டார்கள்.

"புதுத் தோல் வைக்கவேணும் ஐயா. வயிரவனைக் கூப்பிடட்டோ?"

வயிரவன் மாட்டுக்கு வார் வெட்டுகிறவர், செருப்புத் தைக்கிறவர், பறைக்குத் தோல் கட்டுகிறவர். எங்கள் பகுதியில் அவரை எவரும் வாசற்படலைக்குள் விடுவதில்லை.

"காருக்குள்ளை தோலோ?" என்றார் அப்பா. காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை என்னிடம் தந்தார். பார்த்துவிட்டு, ஓம், தோல்தான் என்றேன்.

"கோயிலுக்குப் போற கார். தோல் வேண்டாம்."

"கோயில் தவிலிலை என்ன, பட்டுத்துணியோ கட்டியிருக்கு?" என்று தேவராசா அண்ணை கேட்டார். "நீங்கள் இருக்கிற சீற்று என்ன, வாழைப்பட்டையோ?"

"அது இங்கிலீஸ்காரன் தைச்சது."

"அப்ப தோலிலை குற்றமில்லை. கையிலைதான் குற்றம். உங்கடை காலிலை கிடக்கிற செருப்பை ஆர் தைச்சது?"

அது வயிரவன் தைத்து வேலிக்கு மேலால் நீட்ட, அப்பா வாங்கிய செருப்பு. மறுநாள் வல்வெட்டித்துறையிலிருந்து தோணிப் பாய்ச்சீலை வந்தது. அதை மடித்துக் கூம்பில் செப்பாணியால் அடிக்கச் சொன்னார்.

"அடிக்கிறன். பாரம் ஏறினால் எரியும். இப்பவே சொல்லிப்போட்டன்," என்றார் தேவராசா அண்ணை. ஒவ்வொரு ஆணியையும் ஓங்கி ஓங்கி அடித்தார். அந்தச் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை, தோழன், இரண்டு மாமிமார், பலகாரத் தட்டங்கள் எல்லாம் காரில் ஏறின. அப்பாவும் நானும் பின்னால் மாட்டுவண்டியில் இருந்தோம். அச்சுவேலி மணல் ஒழுங்கை முடியும் முன்பே எங்கள் கார் நின்றது. எஞ்சின் அலறியது, மணலில் நின்ற சில்லு அசையவில்லை. அடியிலிருந்து புகை வந்தது.

"மாப்பிள்ளைக்குச் சாம்பிராணி போடுறாங்களாக்கும்!" என்றார் பின்னால் வந்த மாப்பிள்ளையின் சிற்றப்பா. எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா இறங்கிப் போனார். அவர்கள் சிரிப்பதை அவரால் தாங்க முடியவில்லை. "குடிச்சுப்போட்டுக் கிளச்சிலை காலை வைச்சபடியே ஓட்டியிருக்கிறான்," என்று எல்லாரும் கேட்கச் சொன்னார்.

தேவராசா அண்ணை வெற்றிலைகூடப் போடாதவர். அவர் காலடிப் பலகையைக் கழற்றி, மிதியைத் தடியால் முட்டுக்கொடுத்து, குறட்டால் கருகிய சீலையைத் துண்டு துண்டாக இழுத்தெடுத்து அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் மணலில் போட்டார்.

"உங்கடை துணி ஐயா. எரிஞ்சுபோச்சு. வயிரவன்ரை தோலைப் பாருங்கோ, இன்னும் உங்களைச் சுமக்குது."

கார்த் திறப்பைச் சீற்றில் வைத்துவிட்டு நடந்தே போய்விட்டார். மாப்பிள்ளை எங்கள் மாட்டுவண்டியில் வந்தார்.

அச்சுவேலியில் அப்பா சொன்ன பொய் தேவராசா அண்ணைக்கு முன்னரே மானிப்பாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது. 'குடிகாரன்' என்று ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. நெடுநாள் அவர் தோட்டங்களில் தண்ணீர் இறைத்ததாகக் கேள்விப்பட்டோம். அப்பா ஆள் அனுப்பினார். பழையதை மறந்து வரட்டுமாம். தோல் வைக்கக் கூம்பைப் பின்வேலியால் வயிரவனிடம் கொடுக்கலாமாம்.

போனவன் திரும்பி வந்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னான்: "வயிரவன் முன்படலையாலை வந்து காரிலை கை வைக்கட்டும். நான் குடிக்கேல்லை எண்டு ஐயா அச்சுவேலியிலை போய்ச் சொல்லட்டும். இரண்டும் நடந்தால் வாறன்."

இரண்டும் நடக்கவில்லை. கார் கொட்டிலிலேயே நின்றது. பின்சீற்றில் கோழி முட்டையிட்டது.

கடைசியில் தெல்லிப்பழைப் பக்கத்துச் செபநாயகம் என்பவர் தமது பஸ்ஸை அவரிடம் ஓட்டக் கொடுத்தார். ஊர்க் கதையை அவரும் கேட்டிருந்தார். ஆனாலும் ஒருநாள் பக்கத்தில் இருந்து அவர் ஓட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாராம்.

அந்த பஸ் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும். எங்கள் படலைக்கு நேரே கியர் மாற்றுவார். பஸ் நிறையச் சனம் இருக்கும், ஓர் உதறலும் இராது. பிறகு ஹோணை அமத்தி, எங்கள் வேலி தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரைக்கும் விடமாட்டார்.

"உவனுக்கு இன்னும் கோபம் அடங்கேல்லை," என்பார் அப்பா, சன்னலைச் சாத்தியபடி.

"ஏன் அடங்கவேணும்?" என்றார் அம்மா ஒருநாள், அடுப்படியிலிருந்து. "நீங்கள் இன்னும் அச்சுவேலிக்குப் போகேல்லையே."