இருபத்து மூன்று நாள் காப்பு

எங்கள் ஊர் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டினால் எட்டாம் நாள் மஞ்சள் நீராட்டு முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். நான் இருபத்து மூன்று நாள் கட்டியிருந்தேன். அதைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். எனக்குப் பேய் பிடித்ததாகக்கூட ஒருத்தி சொன்னாளாம். சொல்லிவிட்டுப் போகட்டும். நடந்ததை நானே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு ஆந்திராப் பக்கம் ஜவுளி வியாபாரம். வண்டியில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். தீபாவளி, தைப்பொங்கல், பங்குனி என்று வருஷத்துக்கு மூன்று தடவை வீட்டுக்கு வருவார். அந்தத் தீபாவளிக்கு வந்து போன பிறகு எனக்கு அடிவயிற்று வலி, வெள்ளைப்படுதல், ஒண்ணுக்குப் போனால் எரிச்சல். மார்கழி வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். எய்ட்ஸ் மாதிரிப் பெரிய நோய் இல்லை, இது மாத்திரையில் சரியாகிவிடும் என்றார். எனக்கு ஒரு வாரத்துக்கு, அவருக்கு ஒரு வாரத்துக்கு என்று இரண்டு பொட்டலம் கொடுத்தார். "ரெண்டு பேரும் சாப்பிடணும்மா. ஒருத்தர் மட்டும் சாப்பிட்டா திரும்ப வந்துரும். அதுவரைக்கும் ஒண்ணு சேர வேண்டாம். சேந்தா உறை போடணும்."

"எனக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சே, டாக்டரம்மா?"

"அந்த ஆபரேஷன் பிள்ளையத்தான் தடுக்கும். நோயத் தடுக்காது."

எனக்குச் சுருக்கென்றது. ரெண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன் செய்துகொண்டு, இனி கவலையே இல்லை என்று பதினோரு வருஷம் நிம்மதியாகத் தூங்கியவள் நான். என்னைப் போல எங்கள் தெருவில் எத்தனை பேரோ!

அவருடைய பொட்டலத்தைப் பார்சலில் அனுப்பிவைத்தேன். சாப்பிட்டுவிட்டதாக போனில் சொன்னார். நம்பினேன். தைப்பொங்கலுக்கு வந்து போனார். பத்தே நாளில் அதே வலி, அதே எரிச்சல். மறுபடியும் ஆஸ்பத்திரி. இன்னும் இரண்டு தடவை இப்படி வந்தால் கர்ப்பப்பை கெட்டுப்போகும் என்று டாக்டரம்மா கோபப்பட்டார். யார் மேல் கோபப்பட வேண்டும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பங்குனியில் அவர் வந்த அன்றுதான் நான் பால்குடத்துக்குக் காப்புக் கட்டியிருந்தேன். துவைக்க அவர் பையைக் கொட்டினால், நான் அனுப்பிய மாத்திரை அட்டை ஒன்றுகூடப் பிரிக்காமல் கிடக்கிறது.

"இது என்னங்க?"

"எனக்கு ஒண்ணுமே இல்ல. எரிச்சல் உனக்கு, மாத்திரை எனக்கா?"

"ஆம்பளைக்கு வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ளுக்குள்ள இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாகன்னு போன்லயே சொன்னேன்ல?"

"நான் யார்கிட்டயும் போகல."

"போனீகளா இல்லையான்னு நான் கேக்கல. ரத்தம் குடுங்க, மாத்திரையச் சாப்பிடுங்க. அதுவரைக்கும் உறை."

"கட்டுன பொண்டாட்டிகிட்ட அதப் போட்டுக்கிட்டா? போடி, சோலியப் பாரு."

என் சோலியைத்தான் பார்த்தேன். காப்புக் கயிறு கையில் இருக்கிறவரைக்கும் புருஷன் தொடக் கூடாது. அந்த எட்டு நாளும் எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் ஒன்பதாம் நாளை நினைத்துத்தான்.

எட்டாம் நாள் ஊருணிக்கரையில் எல்லாரும் அவிழ்த்தார்கள். நான் கயிற்றோடு வீடு திரும்பினேன். கொழுந்தன் கிடாக்கறித் தூக்கோடு வந்து வாசலில் நின்றார். காப்புக் கட்டிய ஆள் இருக்கும் வீட்டில் கவுச்சி ஏறக் கூடாதே.

"மதினி, அவுக்க மறந்துட்டீகளா?"

"மறக்கல. வேண்டுதல் இன்னும் முடியல."

கறி வந்த வழியே திரும்பிப் போனது. விருந்தாளிகளுக்குக் கத்தரிக்காய் சாம்பார். மறுநாளும் சாம்பார். அதற்கு மறுநாளும். என் வீட்டுக்காரர் உர்ரென்று இருந்தார். பஸ் ஸ்டாப்பில் புரோட்டா தின்றுவிட்டு வந்து, எனக்குக் கேட்கும்படி ஏப்பம் விட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பதினைந்தாம் நாள் பெரிய மாமனார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து, "என்னத்தா, ஊர்ல இல்லாத அழிச்சாட்டியம்? அப்படி என்ன வேண்டுதல்?" என்று கேட்டார்.

"இவுக நோய்க்கு மாத்திரை சாப்பிடணும், மாமா. அதான் வேண்டுதல்."

ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். ஒருவர் செல்போனை எடுத்துப் பார்த்தார்.

"இதையெல்லாமா நாலு பேருக்கு முன்னாடி பேசுவாக?" என்றார் பெரிய மாமனார்.

"நீங்கதான கேட்டீக? அனுபவிக்கிறது என் உடம்பு. சொல்ல எனக்கென்ன வெக்கம்?"

என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "அவுத்துப் போடுடி இப்பவே!" இத்தனை பேர் பார்க்க அவிழ்த்துவிட்டால் அப்புறம் அவரை மறிக்க என்னிடம் எதுவும் இல்லை. விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து மாமியார் வந்தார். பதினைந்து நாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர். என்னை அறையத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அவ கைய விடுடா."

"ஏத்தா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது..."

"எனக்குத் தெரியாதா? ஒங்கப்பனும் இதே யாவாரந்தான். வந்து போற ஒவ்வொரு தடவையும் எனக்கும் இதே வலி, இதே எரிச்சல். முப்பத்தி நாலு வயசுல கர்ப்பப்பைய அறுத்து எடுத்தாக. எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல. வருசா வருசம் நானும் காப்புக் கட்டுனேன். எட்டாம் நாளே அவுத்துட்டேன்டா."

பிடி தளர்ந்தது. பெரிய மாமனார் சேரை விட்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு நானும் என் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் கொடுத்தார். பெரிய நோய் ஒன்றும் இல்லை. ஆனாலும் புதிதாகத் தொற்றியிருந்தால் ரத்தத்தில் உடனே தெரியாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை கட்டாயம் உறை என்றார் டாக்டரம்மா. ஏழு நாள் மாத்திரையும் என் கண் முன்னால்தான் அவர் விழுங்கினார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன்!

இருபத்து மூன்றாம் நாள் முடிச்சு அவிழ மறுத்தது. மாமியார்தான் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

என் வீட்டுக்காரர் கிளம்பும்போது பையில் சட்டைகளுக்கு மேலே ஆணுறைப் பெட்டியை வைத்தேன். "யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாக?" என்றார்.

"புத்தியுள்ள மனுசன்னு நெனப்பாக."

இந்தப் பங்குனிக்கும் காப்புக் கட்டுவேன். அவர் ரத்தம் பார்த்த ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தால் எட்டாம் நாள் அவிழும். இல்லையென்றால் ஊரே வந்து நின்றாலும் அவிழாது. சாம்பாருக்குப் பருப்பு நிறைய இருக்கிறது.