யாரும் படிக்காத மூன்றாவது வரி

பாகலூரிலிருந்து ஓசூருக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா தன் கைப்பேசியை என் மடியில் வைத்த அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரையின் ஒரு மூலையில் விரிசல். முந்தைய நாள் எங்கள் வாட்ஸப் கவிதைக் குழுவில் அவர் போட்டிருந்த கவிதையும், அதற்குக் கீழே வரிசையாகப் பாராட்டுகளும் தெரிந்தன. அருமை, மிக அருமை, நெகிழ்ந்தேன், கைகூப்பும் படங்கள், பூங்கொத்துகள். நான் போட்ட "அருமை அக்கா"வும் நடுவில் எங்கோ இருந்தது. சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். முகம் இறுகியிருந்தது. "மூணாவது வரியைப் படி புள்ள" என்றார்.

படித்தேன். 'ஆடிக் காற்றில் கதிர் ஆட, ஆடி வந்தது யானை.' ஓசை நன்றாக இருக்கிறது என்றேன்.

"ஆடியில ஏது ராகிக் கதிரு? விதைக்கிறதே அப்பத்தானே. யானை வர்றது கார்த்திகையில. எங்கண்ணன் செத்ததும் கார்த்திகையில. ஓசை நல்லா இருக்குன்னு மாசத்தை மாத்திட்டேன், போட்டப்புறந்தான் எனக்கே உறைச்சுது. யாராச்சும் கேப்பாங்கன்னு நேத்து முழுக்கப் பாத்துக்கிட்டே இருந்தேன். குரூப்புல பாதிப் பேரு தளி, தேன்கனிக்கோட்டை ஆளுங்க, ராகி வெளையுற ஊருதான். ஒருத்தருக்குமா தெரியல?"

ஜவளகிரிக்காரர் அவர். பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, ராகிக் கொல்லைக்குக் காவல் போன அண்ணன் யானை மிதித்து இறந்துபோனார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவர். அண்ணனைப் பற்றி இருபது வருடங்களாக எந்த மொழியிலும் பேசியதில்லை, தமிழில் எழுத மட்டும்தான் முடிந்தது என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கவிதைக்குத்தான் நான் பல் விளக்கிக்கொண்டே, முழுதாகப் படிக்காமல், அருமை போட்டிருந்தேன்.

தொழிற்சாலையில் அவருக்கு இறுதிப் பரிசோதனை மேசையில் வேலை. மெஷினிலிருந்து வரும் இரும்புப் பாகங்களை ஒவ்வொன்றாக விளக்கொளியில் திருப்பிப் பார்த்து, கீறலோ பிசிறோ இருந்தால் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். அந்தக் கணக்குகளை அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள் நான். அன்று பஸ் கேட்டுக்குள் நுழையும்போது அவர் சொன்னது இது: "ஒரு ஷிப்டு முழுக்க நான் ஒரு பீஸைக்கூட ரிஜெக்ட் பண்ணலைன்னா சூப்பர்வைசர் என்னைப் பாராட்டுவாரா? தூங்கிட்டியாம்மான்னுதான் கேப்பாரு. இந்தக் குரூப்புல எல்லாரும் தூங்குறாங்க."

தூங்குவதற்கு அங்கே சட்டமே இருந்தது. குழுவை நடத்தியவர் வேறொரு தொழிற்சாலையில் நிர்வாக அதிகாரி, இரண்டு கவிதைப் புத்தகங்கள் போட்டவர். எல்லோருக்கும் அவர் 'ஐயா'. குறை சொல்லாதீர், ஊக்கப்படுத்துவீர் என்பது குழுவின் முதல் விதி. ஐயா கவிதை போட்டால் பத்து நிமிடத்துக்குள் பாராட்ட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. ஊக்கம் என்ற சொல்லை அவர்கள் என்னவாக ஆக்கி வைத்திருந்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பெண் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, வீட்டில் சமைத்து இறக்கிவிட்டு, உட்கார்ந்து எழுதியதை ஒரு நிமிடம் செலவழித்துப் படிக்க மனமில்லை. மனமில்லாததை மறைக்க ஒரு பூங்கொத்துப் படம். அதற்குப் பெயர் ஊக்கம்.

அடுத்த வாரம் அக்கா இன்னொன்று போட்டார். தலைப்பு 'கை'.

கையுறை இன்றி இயக்காதே
சிவப்பு விளக்கு எரிந்தால் நில்
உன் கை உன் குடும்பத்தின் சொத்து
ஓடும் இயந்திரத்துள் அதை நீட்டாதே

பாராட்டு கொட்டியது. 'உழைக்கும் மக்களின் உன்னதக் குரல். நான்காம் வரியில் கண் கலங்கினேன்' என்று எழுதினார் ஐயா. நான் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டே கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினேன். தினமும் நான் கடந்து போகிற பிரஸ் மெஷின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு அறிவிப்புத்தான் அது என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் அக்கா குழுவில் எழுதினார். "எல்லாருக்கும் வணக்கம். இது நான் எழுதினது இல்லைங்க. எங்க கம்பெனி மெஷின் மேல இருக்கிற போர்டு. போன வாரம் எங்கண்ணன் செத்த மாசத்தையே தப்பாப் போட்டிருந்தேன், அதையும் யாரும் கேக்கலை. எனக்குப் பாராட்டு வேணாங்க. படிச்சுட்டு எது சரியில்லைன்னு சொல்லுங்க, அது போதும்."

இதில் ஒரு சொல்லாவது மரியாதைக் குறைவாக இருக்கிறதா? அன்று அங்கே நடந்ததைப் பார்த்தவர்கள், அவர் யாரையோ கல்லால் அடித்துவிட்டார் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆணவம் என்றார் ஒருவர். தமிழே சரியாக வராதவர்கள் நமக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். அதற்குச் சிரிக்கும் முகங்கள் ஏழெட்டு. பாராட்டுவதற்காக அவர் கவிதையைப் படிக்காதவர்கள், பழிப்பதற்காக அவருடைய பழைய கவிதைகளை எல்லாம் தேடி எடுத்து லகர ளகரப் பிழைகளை வட்டம் போட்டுக் காட்டினார்கள். படிக்கத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கடைசியில் ஐயா, குழுவின் மாண்பு கருதி ஒருவரை நீக்குகிறோம் என்று அறிவித்து அக்காவை நீக்கினார். நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தொடங்கி இரண்டு முறை அழித்தேன். ஆறு மாதம் கழித்து ஐயா வெளியிட இருந்த தொகுப்பில் என் கவிதை ஒன்று சேர்ந்திருந்தது.

மறுநாள் மதியம் ஐயா என்னைக் கூப்பிட்டார். குரல் தேன் மாதிரி இருந்தது. "அந்தம்மா மனசு நொந்திருப்பாங்க. பேசிச் சமாதானம் பண்ணலாம்னு பாத்தா என் போனை எடுக்க மாட்டேங்குறாங்க. அவங்க வீட்டுக்காரர் நம்பர் இருக்காம்மா?" இருந்தது. அக்காவின் போன் ரிப்பேருக்குப் போயிருந்தபோது அவர் கணவரின் எண்ணிலிருந்துதான் என்னைக் கூப்பிடுவார். எதற்கு அவர் கணவரிடம் பேச வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

அக்காவின் கணவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். கெட்டவர் இல்லை, கூச்ச சுபாவம். பெரிய கம்பெனி அதிகாரியான ஐயா, பட்டறையில் இருந்தவரைப் போனில் கூப்பிட்டு, "ஆம்பளைங்க இருக்கிற குரூப்புல உங்க வீட்டம்மா இப்படி எல்லாரையும் எடுத்தெறிஞ்சு பேசினா உங்களுக்குத்தானேங்க கெட்ட பேரு, கொஞ்சம் சொல்லி வைங்க" என்று தணிந்த குரலில் சொல்லியிருக்கிறார். அன்றே கணவர் அந்தக் கைப்பேசியை வாங்கிக்கொண்டு, பேச மட்டும் முடிகிற பட்டன் போன் ஒன்றைக் கொடுத்துவிட்டார். அக்காவின் கவிதைகள் எல்லாம் அந்தக் கைப்பேசியில்தான் இருந்தன.

மறுநாள் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டார். "அவரு நம்பரைக் கொடுத்தது நீதானே?"

"சமாதானம் பேசத்தான்னு சொன்னாரு அக்கா."

"என்னைக் கேட்டியா?"

பின்னால் ஓர் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு ஆறு மாதம் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒருநாள் அவர் வரவில்லை. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில் வேறு வேலை கிடைத்துவிட்டது என்றார்கள்.

அந்த ஆறு மாதமும் நான் குழுவில்தான் இருந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். தொகுப்பு வெளியீட்டுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மேடையில் ஐயா, வீட்டிலும் ஆலையிலும் உழைக்கும் பெண்களை எழுத வைப்பதே தன் வாழ்நாள் பணி என்று பேசினார். முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். என் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன. அதை நானே குனிந்து பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்து ஐயாவின் புதிய கவிதையை முதல்முறையாக உண்மையில் படித்தேன். எட்டு வரியில் ஐந்து வரி போன வருடம் அவரே எழுதியது. அதைக் குழுவில் அப்படியே எழுதினேன். கால் மணி நேரத்தில் என்னையும் நீக்கினார்கள். இதில் வீரம் ஒன்றும் இல்லை. நீக்கப்பட்டால் எனக்கு இழப்பதற்கு எதுவும் இல்லை என்று ஆன பிறகு எழுதியது அது.

சென்ற மாதம் ஜூஜுவாடி பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். சர்வீஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன, வெயில் கொளுத்தியது. கழுத்தில் புதுக் கம்பெனியின் அடையாள அட்டை, கையில் சொந்தமாக வாங்கிய போன். அவரே பேசினார். "நல்லா இருக்கியா?" எழுதுகிறீர்களா என்று கேட்டேன். "எழுதுறேன். யாருக்கும் அனுப்புறதில்ல" என்றார்.

அவரிடம் காட்ட என்னிடம் ஒரு கவிதை இருந்தது. அவருக்கு நடந்ததைப் பற்றித்தான். கோபமாக எழுதியது, நான் எழுதியதிலேயே நன்றாக வந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். என் கைப்பேசியை நீட்டினேன். புடவைத் தலைப்பால் திரைக்கு நிழல் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து படித்தார். அத்திப்பள்ளி போகும் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கன்னடத்தில் கூவி அழைத்தார். பஸ் போய்விட்டது. அவர் நிமிரவில்லை. மறுபடியும் மேலிருந்து படித்தார். என் வாழ்நாளில் நான் எழுதிய எதையும் யாரும் அப்படிப் படித்ததில்லை.

"நல்லா வந்திருக்கு" என்றார். "அந்தக் குரூப்பைத் திட்டியிருக்க, அந்த மனுசனைத் திட்டியிருக்க, எங்க வீட்டுக்காரரைக்கூட விடல. நம்பர் கொடுத்தது யாருன்னு இதுல எங்கயும் இல்லையே?"

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. கோபம்தான். இத்தனை உருகி எழுதியிருக்கிறேன், இதுதானா கண்ணில் பட்டது என்று. குழுவில் அன்று அவர்மேல் பாய்ந்தவர்களுக்கு வந்த அதே கோபம்தான் அது என்று புரிவதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது. போனை என் கையில் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கவிதையைத் திருத்த உட்கார்ந்தேன். விட்டுப்போனதை ஒரே வரியாகச் சேர்த்துப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் மற்ற வரிகள் ஒன்றும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஓசை எதுவும் இல்லாமல், நடந்தபடியே இதை எழுதியிருக்கிறேன். அக்காவின் கணவருடைய நம்பரை அந்த மனிதருக்குக் கொடுத்தது நான்.