நடந்து காட்டிய கால்

ஆரணி கல்யாண மண்டபத்தில் செயற்கைக்கால் முகாம். "நடந்து காட்டுங்க, போட்டோ எடுக்கணும்" என்றார் அதிகாரி, ஒரு நெசவாளியிடம். முழங்கால் பூட்டு "டக்" என்று விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஆடி மூன்றாம் வெள்ளிக்கு மறுநாள். ஒரு கால் இழந்த அம்மாவும் இப்படித்தான் ஒரு முகாமில் புதுக்கால் மாட்டி மேடையில் நடந்தாள், கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் தறிக்குழியில் காலை விட்டாள். புது ரப்பரும் தோல்வாரும் நாறின. பூட்டைப் போட்டால் கால் விறைத்து நின்றது, எடுத்தால் துவண்டு தொங்கியது. மிதிக்கட்டை அசையவே இல்லை.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கினு நெய்யி" என்றார் அப்பா.

"நடக்கவா கால் கேட்டேன்? தறி மிதிக்கணுமான்னு ஒருத்தனாவது கேட்டானா?"

காலைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அதற்குப்பின் அவள் நெய்யவில்லை.

இப்போது, மண்டபத்துக் கூட்டத்திலிருந்து நான் எழுந்தேன். "சார், தறியில உக்காந்து மிதிச்சுக் காட்டச் சொல்லுங்க!"

"போட்டோவுல விழுறீங்க, ஓரமா போங்க பெரியவரே."

நான் நகரவில்லை. அந்த நெசவாளியும் நடப்பதை நிறுத்திவிட்டார்.