பரங்கிக் கோட்டையின் துபாஷி

இது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. எனக்கே நடந்தது. அதுவும் நல்ல உச்சிவெயிலில்.

1974, ஜூலை. வளைகுடாவில், ராஸ் அல் கைமாவில் நர்ஸாக இருந்தேன். சொந்த ஊர் முட்டம். பிரசவ வார்டில் பழகிப் பழகி அரபி சரளமாக வரும். அதனால் ஒரு கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர் என்னைப் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியாகக் கூப்பிட்டார். வடக்கே, மலையடிவாரத்தில் ஒரு மீனவக் கிராமம். ஆண்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். பெண்கள் அந்நிய ஆணிடம் பேசமாட்டார்கள். அவருக்கு ஒரு பெண் குரல் தேவைப்பட்டது.

ஜீப்பிலேயே சொல்லிவிட்டார்.

"துறைமுக வேலை. நாலு மாசம் ஊரைக் காலி பண்ணட்டும், அப்புறம் திரும்பி வரலாம்னு சொல்லு."

"திரும்ப விடுவீங்களா?"

சிரித்தார். "வேலி போட்டாச்சுன்னா யார் விடுவா? சொன்னதை மட்டும் சொல்லு. உன் விசாவைக் கையில வச்சிருக்கிற கஃபீல் எனக்குத் தெரிஞ்சவர்."

நான் தலையாட்டினேன்.

கடலோரத்தில் பாதி இடிந்த பரங்கிக் கோட்டை, போர்ச்சுகீசியர் கட்டியது. அதன் நிழலில் பெண்கள் கூடினார்கள். நான் சுவரில் சாய்ந்தேன். திடுக்கிட்டேன். சுவர் சில்லென்று இருந்தது. ஜூலையில்!

பக்கத்தில் ஒருத்தி நின்றாள். சின்னப் பெண். தலைத்துணியால் வாயைப் பொத்தியிருந்தாள். எல்லோருக்கும் வியர்வை வழிந்தது. அவள் நெற்றியில் ஒரு சொட்டுகூட இல்லை...

டிரைவர் தேவதாஸ் தண்ணீர் கொண்டுவந்தான். குளச்சல்காரன்.

"அந்தப் பிள்ளைக்கும் குடு."

"எந்தப் பிள்ளை? நீங்க தனியால்லா நிக்கியோ, லீமாக்கா..."

திரும்பினேன். நின்றுகொண்டுதான் இருந்தாள். என்னையே பார்த்தபடி.

"யல்லா! சொல்லு," என்றார் மேனேஜர்.

சொல்லத்தான் போனேன்.

கழுத்தில் ஒரு கை...

ஐஸ்.

குரல் கிளம்பியது. என் குரல்தான்.

"இவன் பொய் சொல்றான்! போனா திரும்ப விடமாட்டான். யாரும் நகராதீங்க!"

பெண்கள் எழுந்தார்கள். ஒரே கூச்சல். ஒருத்தி கல்லை எடுத்தாள்.

கை விலகியது. பக்கத்தில் யாரும் இல்லை.

"என்ன சொன்னே?" மேனேஜர் கத்தினார்.

எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் இந்த முறை பேசியது நான்.

"உண்மையைச் சொன்னேன். வேணும்னா இன்னொரு தடவை சொல்லட்டா?"

அவர் என்னை ஜீப்பில் ஏற்றவில்லை. அந்த மாதமே என் வேலை போனது. கிராமம் போகவில்லை.

அன்று மாலை, நகரத்துக்குத் திரும்பப் படகு வரும்வரை உம்மு சல்மா என்ற கிராமத்துப் பெண்ணின் வீட்டில் இருந்தேன்.

"எங்க பேச்சை எங்கே கத்துக்கிட்டே?" என்றாள்.

"அரபியிலதானே பேசினேன்?"

"இல்லை. நாங்க வீட்டுக்குள்ளே பேசுற பழைய பேச்சு. அரபிக்காரங்களுக்கே புரியாது."

அதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பரங்கி காலத்துல எங்க பொண்ணு ஒருத்தியைப் பிடிச்சுத் துபாஷியா வச்சிருந்தாங்க. மலையில ஒளிஞ்ச சனங்களை, பயப்படாம இறங்கி வரச் சொல்லுன்னான் தளபதி. 'இறங்காதீங்க, கொன்னுடுவாங்க'ன்னு அவ கத்திட்டா. அந்தச் சுவத்துலதான் அவ நாக்கை அறுத்தாங்க..."

"நான் பேசுனப்ப என் பக்கத்துல அவளைப் பார்த்தியா?"

"இல்லை. உன்னைத்தான் பார்த்தேன்."

அவள் என் உதடுகளையே பார்த்தாள்.

"குரல் வந்துச்சு... உன் வாய் அசையவே இல்லை."