முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க் காற்று

எங்கள் ஊரில் யார் எது வாங்குவதானாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். மிக்ஸி, கட்டில், கறவை மாடு, பிள்ளைக்கு செல்போன் என்று எதுவானாலும் சரி. திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஊர் அது. இந்தப் பெரிய மனுஷப் பட்டம் எனக்கு மீன் வாங்குகிற இடத்தில்தான் கிடைத்தது. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் ஒரு மீனும் வாங்கியதில்லை. மீன்காரம்மாள் என்னைக் கண்டாலே கூடையை மூடிக்கொள்வாள் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்டவனிடம் என் மனைவி போன வருஷம் ஆனி மாதத்தில் ஒருநாள் காற்றைச் சுத்தம் பண்ணுகிற மிஷின் வேண்டும் என்று கேட்டாள்.

அவளுக்கு நாலைந்து வருஷமாக இளைப்பு. பகலெல்லாம் நன்றாக இருப்பாள். விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி சத்தம் போட்டு மூச்சு வாங்குவாள். ராமநாதபுரத்து டாக்டர் ஒரு இன்ஹேலரைக் கொடுத்து, தூசி, புகை ஆகாது என்று சொல்லி அனுப்பினார். வர வர அந்த இன்ஹேலர் அவள் தலையணைக்கு அடியிலிருந்து இடுப்புச் செருகலுக்கு வந்துவிட்டது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பயந்தால் எனக்குக் கோபம் வரும். அது என் சுபாவம்.

"கடற்கரையில குடியிருந்துக்கிட்டு காத்தக் காசு குடுத்து வாங்குறதா? வெளிய சொல்லிராத, எல்லாரும் சிரிப்பாக" என்றேன்.

"சிரிக்கிறவுகளுக்கு மூச்சு நல்லா இருக்கு" என்றாள் அவள்.

மறுநாளே பஸ் ஏறினேன். ராமநாதபுரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். அங்கே மூன்று மிஷின்கள் வரிசையாக நின்றன. சின்னது, நடுத்தரம், முப்பத்தெட்டாயிரம். பெரியதில் மட்டும் ஒரு கண்ணாடி வட்டம் இருந்தது. காற்று சுத்தமாக இருந்தால் நீலம், கெட்டிருந்தால் சிவப்பு என்றார் கடைக்காரத் தம்பி.

எனக்குக் கை பரபரத்தது. கத்தரிக்காயை அமுக்கிப் பார்க்கலாம், தேங்காயை ஆட்டிப் பார்க்கலாம், மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். காற்றுக்கு எந்தச் செவுளைத் தூக்குவது? மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பின்பக்கம் தட்டிப் பார்த்தேன். பில்டரைக் கழுவலாமா என்று கேட்டேன். கழுவக் கூடாது, வருஷத்துக்கு ஒருமுறை புதிது மாற்ற வேண்டும், அதற்குத் தனி விலை என்றார் தம்பி. அந்த விலையைக் கேட்டதும் எனக்கே லேசாக இளைத்தது.

அந்தத் தம்பி ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மிஷினுக்கு முன்னால் காட்டினார். வட்டம் சிவந்தது. மிஷின் உறுமியது. கொஞ்ச நேரத்தில் நீலமானது.

"பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். லைட்டு நல்லா மாறுது" என்றேன்.

வாங்காமல் திரும்பி, கீழக்கரையில் இருக்கும் என் பள்ளித் தோழனைப் பார்க்கப் போனேன். துபாயில் இருபது வருஷம் இருந்து வந்தவன். அவன் வீட்டில் இதே மாதிரி ஒரு மிஷின் இருப்பது எனக்குத் தெரியும். போனபோது அதன்மேல் ஒரு தண்ணீர்ச் செம்பும் மூன்று மாம்பழங்களும் இருந்தன.

"கம்பெனியில குடுத்தான், கொண்டாந்தேன் மாப்ள. ஜன்னலச் சாத்திட்டுத்தான் போடணுமாம். இங்கன சாத்துனா வெந்து போயிருவோம். தொறந்து போட்டா அது பாட்டுக்குக் கடல் காத்த எல்லாம் சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்கு. கடலு என்னைக்கு முடியுறது, இது என்னைக்கு நிக்கிறது?" என்றான் அவன்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "ஆனா இளைப்புன்னு சொல்றே. அல்லா குடுத்த மூச்சுல கஞ்சத்தனம் பண்ணாத மாப்ள" என்றான்.

அன்றைக்கு ராத்திரியும் மறுநாள் காலையும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. அந்த நேரம் பார்த்துக் கையில் பணமும் இருந்தது. ஊருக்கு மேற்கே எனக்குப் பூர்வீகமாக வந்த புஞ்சை முழுக்கக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. எங்கள் ஜில்லாவில் அதற்கு ஒரே பயன்தான். கரி வியாபாரி வந்து மொத்தமாக விலை பேசுவார். மரத்தை வெட்டி அங்கேயே குவித்து, மேலே மண்ணைப் பூசி, உள்ளே தீ வைத்துவிடுவார். மூட்டம் என்று சொல்வோம். நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வெந்து விறகெல்லாம் கரியாகும். அந்த வருஷத்துக் கரிப்பணத்தை வியாபாரி முன்கூட்டியே தந்திருந்தார். பதினைந்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரத் தம்பியிடம் எழுதி வாங்கிக்கொண்டு, பெரிய மிஷினையே வாங்கி வந்தேன். ஊரே வந்து பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் தனக்கும் இருமல் இருப்பதாகச் சொல்லி, வாங்கலாமா என்று என்னிடமே கேட்டார். "பதினஞ்சு நாளு பொறுங்க, சொல்றேன்" என்று நீதிபதி மாதிரி சொல்லி அனுப்பினேன்.

முதல் நாள் மத்தியானமே மிஷின் தன் வேலையைக் காட்டியது. மனைவி நெத்திலிக் கருவாடு வறுத்தாள். படுக்கையறையில் இருந்த வட்டம் ரத்தச் சிவப்பாகி, மிஷின் லாரி மேடேறுவது போல உறுமியது. எனக்கு ஒரே குதூகலம்.

"இந்தா பாரு, வந்து பாரு! உன் இளைப்புக்குக் காரணம் உன் சட்டியிலதான் இருக்கு!"

அவள் வந்து பார்த்தாள். மறுநாளிலிருந்து வீட்டில் கருவாடு இல்லை. தயிர்ச்சோறும் அவித்த பீன்ஸும் வந்தன. நாலாம் நாள் எனக்கு உயிரே வெறுத்துவிட்டது. அப்படியும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, அவள் எழுந்து உட்காரும் அதே நேரத்துக்கு, வட்டம் சிவந்தது. கருவாட்டுக்கு அடுத்தபடி கொசுவர்த்தியைக் குற்றவாளி ஆக்கினேன். அதை நிறுத்தியதில் கொசுதான் கொழுத்தது. பிறகு சாமி படத்துக்குக் காட்டும் சாம்பிராணியைச் சந்தேகப்பட்டேன். அதையும் நிறுத்தினோம். ஒருநாள் குளித்துவிட்டு வந்து, கண்ணாடி முன்னால் நின்று கழுத்தில் பவுடர் போட்டேன். மிஷின் என்னைப் பார்த்துச் சிவந்தது.

"அதையும் நிப்பாட்டிருவமா?" என்றாள் மனைவி, அடுப்படியில் இருந்தபடியே.

ஜன்னலைச் சாத்திய அறையில் வேக்காடு வேறு. வேர்வையில் இருவரும் ஊறிக் கிடந்தோம். இடையில் கரண்ட் போய்விட்டால் சுத்தமான காற்றும் இல்லை, அசுத்தமான காற்றும் இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் விடியற்காலையில் அவள் நெஞ்சுக்குள் அந்தச் சத்தம் கொஞ்சம் குறைந்திருந்ததே தவிர நிற்கவில்லை. பத்தாம் நாள் காலையில் அவள் ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இன்ஹேலரோடு குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவளுடைய பின்கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. இத்தனை மெலிந்துவிட்டாளா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மிஷின் ஏமாற்று என்றால் அதைத் தூக்கி எறிய வேண்டும், உண்மை என்றால் அது எதைப் பார்த்துச் சிவக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பதினோராம் நாள் ஐந்து மணிக்கே எழுந்தேன். நீளமான ஒயர் உள்ள கரண்ட் பெட்டியில் மிஷினைச் செருகி, கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு போவது போல வீடெல்லாம் இழுத்துக்கொண்டு போனேன். அடுப்படியில் நீலம். முன்வாசல் பக்கம் நீலம். சாமி படத்துக்குக் கீழே நீலம். திரும்பப் படுக்கையறைக்குக் கொண்டுவந்து மேற்கு ஜன்னல் அடியில் வைத்தேன். சிவப்பு. அந்த ஜன்னல் உப்புக்காற்றில் உப்பி, சாத்தினாலும் ஒரு விரல் இடைவெளி விடும். நான் ஜன்னலை முழுக்கத் திறந்தேன். மிஷின் உறுமிய உறுமலில் மனைவியே எழுந்துவிட்டாள்.

வெளியே பார்த்தேன். ரோட்டை ஒட்டி என் புஞ்சை. அதில் என் மூட்டங்கள். பூசிய மண்ணின் வெடிப்பு வழியே புகை கிளம்பி, கச்சான் என்கிற மேற்குக் காற்றில் தரையோடு தவழ்ந்து நேராக எங்கள் ஜன்னலுக்கு வந்துகொண்டிருந்தது. பத்து மணிக்குமேல் கடல் காற்று வந்து அள்ளிக்கொண்டு போய்விடும் என்பதால் பகலில் தெரியாது. அந்த வாசம் எனக்குப் பழகிப்போன வாசம். உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்த வாசம். அது வந்தால் கரிப்பணம் வருகிறது என்று அர்த்தம்.

சட்டையை மாட்டிக்கொண்டு புஞ்சைக்குப் போனேன். கரி வியாபாரி ஒரு வெடிப்பில் மண்ணை அப்பிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. கரி ஜோரா வெந்துக்கிட்டு இருக்கு."

"இந்தப் புகையெல்லாம் எங்கப்பா போகுது?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கச்சான் அடிச்சா உங்க வீட்டுப் பக்கந்தான். வருசா வருசம் அப்படித்தானண்ணே. நான் தெக்க, உப்பளத்துப் பக்கம் போடுறேன்னுதான் அப்பச் சொன்னேன். சுமைகூலிய உங்க விலையில கழிப்பேன்னதும், 'ரோட்டடியிலயே போடு, லாரி வந்து நிக்கும்'னு நீங்கதானண்ணே அடிச்சுப் பேசுனீங்க."

பேசினேன்தான். அந்தப் பேரத்தில் நான் ஜெயித்ததை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். நாலைந்து வருஷத்துக்கு முன்னால்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஏதோ பெரிய துப்புத் துலக்கியவன் போலத்தான் ஆரம்பித்தேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"மூட்டத்துப் புகை" என்றேன்.

"தெரியும்."

"எப்பருந்து?"

"மூட்டம் அங்கன வந்ததுலருந்து."

"அப்பவே என்கிட்டச் சொல்லலாம்ல?"

அவள் துருவுவதை நிறுத்தினாள். "ரெண்டு தரம் சொன்னேன். 'அது புகை இல்ல, காசு'ன்னீங்க. மூணாந்தரம் சொல்ல எனக்கு மூச்சு இல்ல. உங்ககிட்ட மூட்டத்தத் தள்ளிப் போடச் சொல்றதுக்கு, மிசினு கேக்குறது லேசா இருந்துச்சு."

எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, உதட்டில் ஏதோ ஒட்டிக்கொண்டது மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டாயிரம் கொடுத்து வாங்கிய மிஷின் சொன்னதை நான் பதினோரு நாளில் நம்பிவிட்டேன். கட்டியவள் சொன்னதை நாலைந்து வருஷமாக நம்பவில்லை.

எரிகிற மூட்டத்தை மண்ணும் தண்ணீரும் போட்டு அன்றைக்கே அணைக்கச் சொன்னேன். பாதி வெந்த கரிக்கான நஷ்டமும், இனி உப்பளத்துப் பக்கம் சுமந்து போகிற கூலியும் என் தலையில். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய அந்த மிஷின் விலைக்கு வந்தது. எதிர்வீட்டுக்காரரிடம் போய், மிஷின் வாங்க வேண்டாம், உங்கள் இருமலுக்கும் காரணம் நான்தான் என்று சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் என்னிடம் கேட்டு எதுவும் வாங்குவதில்லை.

பதினாலாம் நாள் மிஷினைப் பெட்டியில் போட்டுக்கொண்டு இருவரும் கடைக்குப் போனோம். அன்றைக்குச் சேர்த்து மூன்று விடியற்காலையும் வட்டம் நீலமாகவே இருந்தது. அவளும் ஆறரை மணி வரை தூங்கினாள். நான்தான் ஐந்தரைக்கே விழித்து, அவள் மூச்சையும் அந்த வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

கடைக்காரத் தம்பி ஒரு படிவத்தை நீட்டினார். திருப்பித் தருவதற்கான காரணம் என்று ஒரு கட்டம். நான் கொஞ்சம் யோசித்து, 'நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதினேன்.

அவர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லா வேலை செஞ்சா ஏன் சார் திருப்பிக் குடுக்குறீங்க?"

பக்கத்தில் நின்ற என் மனைவிதான் சொன்னாள். "அது கண்டுபிடிச்சத இவுக ஒத்துக்கிட்டாக தம்பி. இனிமே அதுக்கு எங்க வீட்டுல வேலை இல்ல."

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கடையைப் பார்த்து நின்றாள். நெத்திலி கால் கிலோ கேட்டாள். நான் வழக்கம்போலக் கையை நீட்டி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்க்கப் போனேன்.

"நான் பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

கையை எடுத்துக்கொண்டேன்.