பாலகோபால் வீட்டு மூங்கில்

கணபதி என்ற ஊருக்குப் பக்கம் மல்லிகை நகரில், பாலகோபால் மகளுக்குக் கல்யாணம் என்று 1996 தை மாதம் ஒரு பேச்சு கிளம்பியது. மாப்பிள்ளை அன்னூர் என்றார் ஒருவர். இல்லை, அமெரிக்கா என்றார் இன்னொருவர். பத்திரிகை மட்டும் யார் கைக்கும் வரவில்லை. விசாரிக்கப் போனால், மணப்பெண் ஷ்ரவ்யாவுக்கே அந்தச் சேதி பால் வாங்கப் போன இடத்தில்தான் தெரிந்திருக்கிறது.

எல்லாம் ஒரு மூங்கிலால் வந்தது.

பாலகோபால் பம்புப் பட்டறை வைத்திருந்தார். பட்டறை சோற்றுக்கு, உயிர் ஹாம் ரேடியோவில், அதாவது வீட்டிலிருந்தே தூரத்து ஆட்களோடு பேசும் ரேடியோவில். மத்திய சர்க்கார் லைசென்ஸ் கொடுத்துவிட்டது, மல்லிகை நகர் குடியிருப்போர் சங்கம் கொடுக்கவில்லை. டி.வி. ஆன்டெனாவைவிட உயரமாக எந்த வீட்டிலும் கம்பு நிற்கக் கூடாது. காலனியின் அழகு கெட்டுவிடுமாம். (சாக்கடைக்கு அப்படி விதி எதுவும் கிடையாது.) ஆகவே ஜன்னல் கம்பியில் ஒயரைச் சுற்றி வைத்துக்கொண்டு காலையில் வால்பாறையைக் கூப்பிடுவார். அங்கே டீத்தூள் கடை வைத்திருந்த சிநேகிதர் அப்துல் குத்தூஸின் குரலுக்குப் பதில், அப்பளம் பொரிகிற சத்தம்தான் வரும். மனைவி காலமான பின் மலையில் தனியாக இருந்த மனிதர் அவர். அவரோடு நாலு வார்த்தை பேசாவிட்டால் பாலகோபாலுக்கு இட்லி இறங்காது.

ஒரு நாள் துணிந்து, வாசலில் குழி வெட்டி நெடிய மூங்கிலை நட்டு, உச்சியில் ஒயரைக் கட்டி மாடிக்கு இழுத்தார். பட்டறைக்குப் புது மெஷின் வந்தால் பூசை போடாமல் ஓட்ட விடாதவர் அவர் மனைவி பங்காரம்மா. மூங்கிலை மட்டும் விடுவாரா? மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலையும் கட்டிவிட்டார்.

மறுநாள் காலை சங்கச் செயலாளர் அரங்கசாமி, மூங்கிலைப் பிடுங்க ஆளோடு வந்தார். மஞ்சளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"ஏனுங்க, முகூர்த்தக்கால் நட்டுப்போட்டு ஒரு வார்த்தை சொல்லலீங்களே?"

பாலகோபால் மறுக்க வாயைத் திறந்தார். உள்ளே ரேடியோவில் குத்தூஸின் குரல், பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல, "பாலு, இட்லி ஆச்சா?" என்றது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"இத்தனை உசரமாவாங்க நடுவாங்க?" என்றான் கூட வந்த ஆள்.

"அவங்க ஊட்டு வழக்கம் அப்படி இருக்கும். நீ சும்மா இரப்பா."

நட்ட முகூர்த்தக்காலைக் கல்யாணத்துக்கு முன்னால் பிடுங்கச் சொல்லும் விதி எந்தச் சங்கத்திலும் இல்லை.

காலேஜில் இரண்டாம் வருஷம் படித்த ஷ்ரவ்யா அன்று சாயங்காலம் அப்பா முன்னால் வந்து நின்றாள். "ஏனப்பா, என் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிடுவீங்களா, இல்ல நீங்களும் ரேடியோவுமே முடிச்சுக்குவீங்களா?"

கேட்ட கையோடு நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போய் உண்மையைப் போட்டு உடைத்தாள். பின்னாலேயே ஓடி வந்த பாலகோபால், மூங்கில் போச்சு என்ற முகத்தோடு கேட்டில் நின்றார்.

அரங்கசாமி எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். காலனி முழுக்கச் 'சுபகாரியம்' என்று சொல்லி வைத்தவர் அவரே.

"நட்டது நட்டதுதானுங்க" என்றார். "அம்மணி, நீ நல்லாப் படி. உன்ற கல்யாணம் என்னைக்கு ஆகுதோ, அன்னைக்கு எடுத்துக்கலாம்."

"அதெல்லாஞ் செரி" என்றார் சமையலறையிலிருந்து அவர் மனைவி பத்மாவதி. "கல்யாணச் சோத்துக்கு என்னுங்க வழி?"

"போட்டுரலாமுங்கக்கா" என்றார் பாலகோபால், கேட்டிலிருந்தே.

ஷ்ரவ்யா படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள். கல்யாணத் தரகர் வந்தால் பாலகோபால் மழையைப் பற்றிப் பேசுகிறார். பங்காரம்மா வெள்ளிக்கிழமைதோறும் மூங்கிலுக்குப் புது மஞ்சள் பூசுகிறார். பத்மாவதி மட்டும் அந்த வழியே போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து, "கல்யாணப் பாயசம் பாக்கிங்க" என்கிறார்.